பிடிக்கும் என்றால் எந்தப் பிடிக்கும்? கார்ட்கேப்டர் சகுராவின் காதல் கணக்கு

தோமோயோவிடம் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு ரப்பர். பென்சில் எழுத்தை அழிக்கிற சாதாரணப் பள்ளிக்கூட ரப்பர்தான். பெரிய பணக்கார வீட்டுப் பெண் அவள். மாளிகை மாதிரி வீடு, போகிற இடமெல்லாம் கறுப்புக் கண்ணாடி போட்ட பெண் மெய்க்காப்பாளர்கள். ஆனால் உன் பொக்கிஷம் எது என்று கேட்டால் இந்த ரப்பரைத்தான் எடுத்துக் காட்டுவாள். பழக ஆரம்பித்த புதிதில் சகுரா அவளுக்குக் கொடுத்தது அது.

ஒருமுறை தோமோயோ, “எனக்கு சகுராவை ரொம்பப் பிடிக்கும்” என்கிறாள். “எனக்கும் உன்னை ரொம்பப் பிடிக்கும்” என்று சகுரா சிரித்துக்கொண்டே சொல்கிறாள். தோமோயோ கொஞ்சம் யோசித்துவிட்டு, நான் சொல்கிற ‘பிடிக்கும்’ வேறு, நீ சொல்கிற ‘பிடிக்கும்’ வேறு என்கிறாள். சகுராவுக்கு விளங்கவில்லை. இன்னும் கொஞ்சம் பெரியவளானதும் சொல்கிறேன் என்று தோமோயோ பேச்சை அதோடு விட்டுவிடுகிறாள். இரண்டு பேரும் நாலாம் வகுப்புப் பிள்ளைகள்.

‘கார்ட்கேப்டர் சகுரா’ என்ற ஜப்பானிய மாங்காவையும் (சித்திரக்கதை) அனிமேயையும் (அசைபடத் தொடர்) மந்திரக் கோல், பறக்கிற சீட்டு, இறக்கை முளைத்த பொம்மை, கலர் கலராக உடுப்பு என்று நினைவில் வைத்திருப்பவர்களே அதிகம். அதெல்லாம் உண்டுதான். ஆனால் கதை முழுக்க நடப்பது மேலே சொன்ன அந்தப் பேச்சின் தொடர்ச்சி. ஒரே சொல்லுக்குள் எத்தனை வகைப் பிரியம் அடைந்து கிடக்கிறது, அதில் தன்னுடையது எது என்று ஒரு சிறுமி பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் 12 தொகுதி மாங்கா, 70 பகுதி அனிமே.

இதைத் தமிழில் விளக்குவது சுலபம். ஜப்பானிய மொழியில் ‘ஸுகி’ என்று ஒரு சொல். நம்முடைய ‘பிடிக்கும்’ மாதிரியே நடந்துகொள்ளும். லட்டு பிடிக்கும், மழை பிடிக்கும், அப்பாவைப் பிடிக்கும், உன்னைப் பிடிக்கும் என்று எல்லாவற்றுக்கும் ஒன்றே. ‘நான் காதலிக்கிறேன்’ என்று நேரடியாகச் சொல்ல அங்கே ‘ஐஷிதெரு’ என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஆனால் அது நம் ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ போலத்தான், மேடையில் நின்று பேசுகிற மாதிரி இருக்கும். நேரில் நிற்கும்போது யார் அப்படிப் பேசுகிறார்கள்? ‘உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு’ என்று சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் சரியான அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள வேண்டுமே என்று தவிப்பதுதான் வழக்கம். அந்தத் தவிப்புக்கு ஜப்பானியர்கள் ஒரு சொல்லை முன்னால் சேர்த்துக்கொள்கிறார்கள்: ‘இச்சிபான் ஸுகி’. எல்லாரையும் விட அதிகமாகப் பிடிக்கும். இந்த ‘இச்சிபான்’தான் கதையின் அச்சாணி.

எழுதி வரைந்தவர்கள் க்ளாம்ப் என்ற பெயரில் இயங்கும் நான்கு பெண்கள். கதை ஒகாவா. ஓவியம் முதன்மையாக மோகொனா. கூட ட்சுபாகி நெகோய், சத்சுகி இகராஷி. ஒசாகா இருக்கும் கன்சாய் பகுதியில் 1980களில் ரசிகர் இதழ் போட்டுக்கொண்டிருந்த ஒரு கும்பலில் மிஞ்சியவர்கள் இவர்கள். தொடக்கத்தில் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்களாம். தொழில்முறையில் 1989இல் வந்தார்கள். ரசிகர் இதழ் உலகத்தில் யாரை யாரோடு சேர்த்து எழுதுவது என்பதற்குப் பெரிய தடையெல்லாம் கிடையாது; ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் என்று எல்லாம் எழுதுவார்கள். அந்தப் பழக்கத்தோடு வந்தவர்கள் ‘நகாயோஷி’ இதழில் எழுத உட்கார்ந்தார்கள். 1954 முதல் கோடான்ஷா நடத்திவரும் அந்த இதழைப் படிப்பது பெரும்பாலும் ஆரம்பப் பள்ளிச் சிறுமிகள். 1996இல் தொடங்கிய சகுரா 2000இல் முடிந்தது. எந்தக் கை எந்த வாசகருக்காக எழுதியது என்று தெரிந்துகொண்டால், இந்தக் கதையின் பாதி விசித்திரம் விளங்கிவிடும்.

மந்திரச் சிறுமிக் கதைகள் அங்கே ஏற்கெனவே பழைய சரக்கு. 1966இல் தொலைக்காட்சிக்கு வந்த ‘சாலி’ என்ற குட்டிச் சூனியக்காரி, அமெரிக்க நகைச்சுவைத் தொடர் ஒன்றைப் பார்த்துப் பிறந்தவள். 1969இல் கண்ணாடியைப் பார்த்து மந்திரம் சொன்னால் வேறு ஆளாக மாறும் அக்கோ வந்தாள். 1980களில் மந்திரத்தால் பெரியவளாகிப் பாட்டுப் பாடும் சிறுமிகள் வந்தார்கள். 1992இல் அதே ‘நகாயோஷி’யில் ‘செய்லர் மூன்’ வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. ஐந்து பெண்கள், சீருடை, அணி சேர்ந்து சண்டை, எதிரிகள், உலகத்தைக் காப்பாற்றுவது. ‘காதலுக்கும் நீதிக்கும்’ போராடுகிறேன் என்று அவள் மார்தட்டிக்கொண்டே வருவாள். அங்கே காதல் ஓர் ஆயுதம். கடைசியில் அதை வீசித்தான் தீமையை அழிப்பார்கள்.

சகுராவில் அழிக்கத் தீமையே இல்லை.

கதை இதுதான். சகுரா கினோமோதோ, தோமோஎதா என்ற கற்பனை ஊரில் படிக்கிறாள். அப்பா ஃபுஜிதகா தொல்லியல் பேராசிரியர். அம்மா நாதேஷிகோ இவளுக்கு 3 வயதாக இருந்தபோதே இறந்துவிட்டார். அண்ணன் தோயா உயர்நிலைப் பள்ளியில். ஒரு நாள் அப்பாவின் அடித்தளப் புத்தக அறையில் ஒரு பழைய புத்தகம் கண்ணில் படுகிறது. திறந்தால் சீட்டுக் கட்டு. மேலே இருந்த சீட்டின் பெயரை, காற்று என்பதை, வாய்விட்டுப் படிக்கிறாள். காற்று வந்து மற்ற சீட்டையெல்லாம் ஊர் முழுக்கப் பறக்க அடித்துவிடுகிறது. காவல் காக்க வேண்டிய கெரோ, அதுதான் அந்த இறக்கை முளைத்த பொம்மை, அட்டைக்குள் தூங்கிவிட்டது. நீதான் பறக்கவிட்டாய், நீயே பிடித்துக் கொண்டு வா என்று குழந்தை தலையில் கட்டிவிடுகிறது. கெரோ ஒசாகா வட்டார வழக்கில் பேசும். புத்தகம் முன்பு ஒசாகாவில் இருந்ததால் ஒட்டிக்கொண்டதாம். எழுதியவர்கள் எந்தப் பக்கத்துக்காரர்கள் என்பதை வைத்துப் பார்த்தால் இந்த நக்கல் புரியும்.

சீட்டுகள் கெட்டவை அல்ல. எழுதிவைத்த க்ளோ ரீட் என்ற மந்திரவாதி செத்துப்போனபின் கட்டவிழ்ந்த சக்திகள், அவ்வளவுதான். அவற்றில் ஒன்று கண்ணாடிச் சீட்டு. சகுராவின் உருவத்தை எடுத்துக்கொண்டு ஊரில் வம்பு பண்ணும். அண்ணன் முன்னாலும் தங்கையாகப் போய் நிற்கும். அவனுக்குப் பார்த்த உடனேயே தெரியும், இது தன் தங்கை இல்லை என்று. தினமும் அவளை ‘பூதம்’ என்று கூப்பிட்டு, காலில் மிதி வாங்குகிறவன் அவன். ஆனாலும் வந்தது யாரோ, அதைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். பிற்பாடு அந்தச் சீட்டு தோயாவை நினைத்து வெட்கப்படும். ஒரு சீட்டுக்குக்கூட ஒரு ‘பிடிக்கும்’ வைத்துவிட்டார்கள் பாருங்கள்.

மாங்காவில் மொத்தம் 19 சீட்டு. அனிமேயில் அதையே 52 ஆக்கினார்கள். வாராவாரம் ஒன்று பிடிக்க வேண்டுமே. நல்லவேளை, கதை எழுதிய ஒகாவாவே திரைக்கதைக்கும் பொறுப்பேற்றார். மேட்ஹவுஸ் தயாரிப்பு, மொரியோ அசாகா இயக்கம். 1998 ஏப்ரல் 7 முதல் 2000 மார்ச் 21 வரை ஜப்பானின் பொது ஒளிபரப்பான என்எச்கேயின் செயற்கைக்கோள் அலைவரிசையில் ஓடியது. அங்கே நடுவில் விளம்பரம் வராது. மந்திரச் சிறுமித் தொடர்களைப் பொதுவாகத் தாங்கிப் பிடிப்பது பொம்மை நிறுவனங்கள். ஒரே உருமாற்றக் காட்சி, ஒரே உடுப்பு, ஒரே கோல் என்று திரும்பத் திரும்பக் காட்டினால்தான் கடையில் விற்கும். சகுராவுக்கு உருமாற்றமே கிடையாது. சண்டைக்குப் போகுமுன் தோமோயோ ராவெல்லாம் உட்கார்ந்து தைத்த புது உடுப்பை எடுத்து நீட்டுவாள். சகுரா கூச்சத்தோடு போட்டுக்கொள்வாள். அப்புறம் தோமோயோ வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவாள். மற்ற தொடரில் வானத்திலிருந்து மின்னலோடு இறங்குகிற உடுப்பு, இங்கே தோழியின் தையல் மெஷினிலிருந்து வருகிறது. சகுரா மீது தோமோயோவுக்கு இருப்பது என்ன என்பதைச் சின்னக் குழந்தைகூடத் தன்னையறியாமல் வாரம் தவறாமல் பார்த்துவிடும். (சகுராவின் கோலும் பொம்மையாகக் கடைக்கு வந்தது என்பது வேறு விஷயம்.)

எல்லாச் சீட்டும் கைக்கு வந்ததும் யூஎ என்ற நிலாக் காவலன் தோன்றி சகுராவைச் சோதிப்பான். தோற்றால் பேரிடர் வரும் என்று கெரோ அதற்கு முன்பே எச்சரித்திருக்கும். ஆனால் என்ன பேரிடர் என்று லேசில் சொல்லாது. பூகம்பமா, ஊர் அழியுமா என்று பார்க்கிறவர்கள் மனசில் என்னென்னவோ ஓடும். கடைசியில் விஷயம் வெளியே வரும்போது ஒரு சத்தமும் இருக்காது: சீட்டோடு சம்பந்தப்பட்ட எல்லாரும், தங்களுக்கு மிகவும் பிடித்தவர் மீதான அந்த ‘இச்சிபான்’ உணர்வை மறந்துவிடுவார்கள். யாரும் சாகமாட்டார்கள். காலையில் எழுந்து பள்ளிக்குப் போவார்கள், சாப்பிடுவார்கள், பேசுவார்கள். அது மட்டும் இருக்காது. தோமோயோ அந்தப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது வெறும் ரப்பர்.

குழந்தைகள் இதழில் இதைவிடப் பயங்கரமான தண்டனையை நான் படித்ததில்லை.

அந்த யூஎ யார் தெரியுமா? யுகிதோ. தோயாவின் வகுப்புத் தோழன், எந்நேரமும் எதையாவது சாப்பிட்டுக்கொண்டே இருக்கும் சாதுவான பையன். சகுராவுக்கு அவன்மேல் அப்படியொரு மோகம். அவனைக் கண்டாலே ‘ஹன்யா...ன்’ என்று உருகிப்போவாள். அது ஜப்பானிய அகராதிச் சொல்லே இல்லை. அவளாகப் போடும் சத்தம். யுகிதோவின் தாத்தா பாட்டி எப்போதும் வெளியூர் போயிருப்பார்கள், ஒருமுறைகூட நாம் பார்க்கமாட்டோம். முதல் பாதியில் இதை யாரும் கவனிப்பதில்லை. உண்மை என்னவென்றால் தாத்தா பாட்டியே கிடையாது. யூஎ ஒளிந்துகொள்ள எடுத்த வேஷம்தான் யுகிதோ. வேஷத்துக்கே அது தெரியாது. அவன் அவ்வளவு சாப்பிட்டதும் அப்புறம் நின்ற இடத்தில் தூங்கி விழுவதும் மந்திர சக்தி வற்றிக்கொண்டிருப்பதால். முன்பு சிரிப்புக்கு வைத்ததெல்லாம் பின்னால் நோய்க்குறி ஆகிவிடுகிறது.

தோயாவுக்கு ஆவிகளைப் பார்க்கும் சக்தி உண்டு. செத்துப்போன அம்மா சில சமயம் அவன் கண்ணுக்குத் தெரிவார். யுகிதோ மனிதன் இல்லை என்பதும் அவனுக்கு ரொம்ப நாளாகத் தெரியும். இதை நண்பனிடம் சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் யாராவது வந்து குறுக்கே விழுவார்கள். கடைசியில் யுகிதோ மறைந்துபோகும் நிலைக்கு வந்தபோது, தோயா தன் சக்தி முழுவதையும் யூஎவிடம் கொடுத்துவிடுகிறான். இனிமேல் அம்மாவைப் பார்க்க முடியாது. அதைத் தெரிந்தேதான் கொடுக்கிறான். இருவருக்கும் இடையே இருப்பதற்கு ஒரு பெயரும் வைக்கவில்லை, ஒரு விளக்கமும் கிடையாது. யாரும் அதிர்ச்சியும் அடையவில்லை. 1990களில், நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான கதையில்.

இதற்கு நடுவே ஹாங்காங்கிலிருந்து ஷாவ்ரான் லீ என்ற பையன் வந்து சேர்கிறான். க்ளோ ரீடின் தாய்வழி உறவு, அதனால் சீட்டெல்லாம் தனக்குத்தான் சேர வேண்டும் என்ற எண்ணம். சகுராவைப் பார்த்து முறைப்பான். யுகிதோவைப் பார்த்தால் முகம் சிவந்து ஓடுவான். சகுராவும் அவனும் போட்டி போட்டுக்கொண்டு யுகிதோவுக்குப் பரிசு கொடுப்பார்கள். பிறகு எரியோல் என்ற புது வகுப்புத் தோழன் சொல்கிறான்: உன்னை இழுத்தது யுகிதோ இல்லை, அவனுக்குள் இருக்கும் நிலாவின் சக்தி. அதைத் தள்ளிவிட்டு உன் மனசில் யார் என்று பார். பார்த்தால் சகுரா. அதற்கப்புறம் பையன் பாடு திண்டாட்டம். அவள் பேர் சொன்னாலே செக்கச் சிவந்துபோவான்.

எனக்குக் கதையில் மிகவும் நெருக்கமான இடம் சகுரா யுகிதோவிடம் மனசைத் திறந்து சொல்வது. யுகிதோ அவளை அவமானப்படுத்தவில்லை, சின்னப் பெண் என்று தலையைத் தடவியும் அனுப்பவில்லை. அவளோடு சேர்ந்து உட்கார்ந்து யோசிக்கிறான். என்மேல் உனக்கு இருக்கிற பிரியம், அப்பாமேல் இருக்கிற பிரியத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்கிறான். அவள் யோசித்துப் பார்க்கிறாள். இருக்கிறது. முழுக்க அதேதானா என்றால் இல்லை, கொஞ்சம் வித்தியாசம் உண்டு. ஆனால் ரொம்ப ஒத்துப்போகிறது. உனக்கு ‘இச்சிபான்’ ஆகிறவர் வேறொருவர், அவரை நீ கண்டுபிடிப்பாய் என்று யுகிதோ சொல்கிறான். யுகிதோவின் ‘இச்சிபான்’ யார் என்று சகுராவுக்கும் தெரியும். தன் அண்ணன்தான். நிராகரிக்கப்பட்டவள் அழாமல் சிரித்துப் பேசிவிட்டுத் திரும்புகிறாள். அழுகை பூங்காவில் ஷாவ்ரானிடம் எல்லாவற்றையும் சொல்லும்போதுதான் வருகிறது. அவளைக் காதலிக்கிற பையன், அவள் இன்னொருவனுக்காக அழுவதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறான். இதுதான் சமயம் என்று தன் கதையை எடுக்கவில்லை.

அனிமேக்காகவே உருவாக்கிய மெய்லிங் என்ற பெண்ணுக்கும் இப்படி ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஷாவ்ரானின் மாமன் மகள் முறை, வாய்த்துடுக்கு. சின்ன வயதில் அவளுடைய பறவை கூண்டைவிட்டுப் பறந்துபோய்விட, ஷாவ்ரான் மழையில் அலைந்து பிடித்துக்கொண்டு வருகிறான். அன்றைக்கே, உன்னைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அடம்பிடித்து, உனக்கு எல்லாரையும் விடப் பிடித்தவள் கிடைக்கும்வரை என்று ஒரு நிபந்தனையையும் அவளே வைத்துக்கொள்கிறாள். கிடைத்துவிட்டாள் என்று தெரிந்ததும் அவனிடம் சிரித்து விட்டுக்கொடுத்துவிட்டு, தோமோயோவின் மடியில் முகம் புதைத்துக் கதறுகிறாள். மடி கொடுத்திருப்பவள் யார் என்று யோசித்தால் வயிற்றைப் பிசையும். தோமோயோவுக்கு அழ எந்த மடியும் வைக்கவில்லை கதை. பிடித்தவர் சந்தோஷமாக இருந்தால் போதும், அதுவே என் சந்தோஷம் என்று சிரித்துக்கொண்டே இருக்கிறாள். பல ரசிகர்கள் இதைத் தூய அன்பு என்று கொண்டாடுவார்கள். எனக்கு அங்கே ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. எல்லாருக்கும் ஜோடி சேர்த்த கை, இவளை மட்டும் கேமராவுக்குப் பின்னாலேயே நிறுத்திவிட்டது.

அதிலும் இது அந்தக் குடும்பத்தில் முதல் தடவை இல்லை. தோமோயோவின் அம்மா சொனோமி, சகுராவின் அம்மா நாதேஷிகோவுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. சொனோமிக்கும் ஒரு பூட்டிய பெட்டி உண்டு. உள்ளே நாதேஷிகோவின் கல்யாணப் பூங்கொத்து. அவருக்கு நாதேஷிகோமேல் இருந்ததும் வெறும் உறவுப் பாசம் இல்லை. பள்ளி விளையாட்டு விழாவில் பெற்றோர் ஓட்டப் பந்தயத்தில் ஃபுஜிதகாவைப் பார்த்ததும் அந்த அம்மாள் முகத்தில் வருகிற கோபத்தைப் பார்க்க வேண்டும். என் நாதேஷிகோவைக் கொண்டுபோய்விட்டானே அந்த வாத்தியார் என்ற ஆத்திரம், அவள் செத்து இத்தனை வருஷம் கழித்தும் தணியவில்லை. அடுத்த கணம் பூச்சீட்டு பூவாகக் கொட்டி மைதானத்தையே மூடிவிடும். சிரிப்பும் துக்கமும் ஒரே காட்சியில் நடக்கும். ஃபுஜிதகாவோ வீட்டில் மனைவியின் படத்தைத் தினமும் மாற்றி வைக்கிறவர். பிள்ளைகள் காலையில் எழுந்ததும் இன்றைக்கு எந்தப் படம் என்று பார்ப்பார்கள்.

வாத்தியார் என்று சொன்னது கிண்டலுக்கு இல்லை. ஃபுஜிதகா உண்மையிலேயே நாதேஷிகோவின் பள்ளி ஆசிரியர். கல்யாணத்தின்போது அவளுக்கு 16 வயது. ஜப்பானில் அன்று பெண்ணின் சட்டபூர்வத் திருமண வயது அதுதான். 2022 ஏப்ரலில்தான் 18 ஆக்கினார்கள். சட்டம் அனுமதித்தது என்பதால் இன்று வாசிக்கும்போது உறுத்தாமல் போய்விடாது. இன்னும் மோசம், சகுராவின் வகுப்புத் தோழி ரிகாவுக்கும் அவர்கள் வகுப்பாசிரியருக்கும் மாங்காவில் வைத்திருக்கும் கதை. ஆசிரியர் அந்தக் குழந்தைக்கு மோதிரமே கொடுக்கிறார். அனிமேயில் இதை ரிகாவின் ஒருதலை ஆசையாக அடக்கிவிட்டார்கள். நல்ல வேலை செய்தார்கள்.

காதலுக்கு ஆண், பெண், வயது, மனிதன், மந்திரப் பிறவி என்ற எந்த வரம்பும் இல்லை என்று க்ளாம்ப் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போகிறார்கள். ஆணை ஆணுக்குப் பிடிப்பதும், நாலாம் வகுப்புப் பிள்ளையை ஆசிரியருக்குப் பிடிப்பதும் ஒரே பட்டியலில் வைக்கக்கூடியவை அல்ல. முன்னதில் இரண்டு பேரும் சமம். பின்னதில் ஒருவர் கையில் பிரம்பு இருக்கிறது. பட்டியலில் மற்றதையெல்லாம் அத்தனை நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தவர்கள் இந்த ஒன்றைப் பிரிக்காமல் விட்டதுதான் ஆச்சரியம். அப்புறம், தொடருக்குக் கிடைத்த ரசிகர்களில் வயது வந்த ஆண்கள் ஏராளம் என்பதும், அதில் ஒரு பகுதியினர் பத்து வயதுப் பிள்ளையை ரசித்த விதம் அருவருப்பானது என்பதும் தெரிந்த கதைதான். நீட்ட விரும்பவில்லை.

அமெரிக்கா போன கதைக்கு வருவோம். 2000இல் கனடாவின் நெல்வானா நிறுவனம் இதை ‘கார்ட்கேப்டர்ஸ்’ என்று ஆக்கி ஆங்கிலத்தில் விட்டது. பையன்களும் பார்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். அதனால் அமெரிக்க ஒளிபரப்பு முதல் பகுதியில் தொடங்கவில்லை, ஷாவ்ரான் வந்து இறங்கும் 8ஆம் பகுதியில் தொடங்கியது. தலைப்பில் இருந்த சகுராவின் பெயர் போயிற்று. தோமோயோ ‘மேடிசன்’ ஆனாள், யுகிதோ ‘ஜூலியன்’. தோயாவுக்கும் யுகிதோவுக்கும் நடுவில் இருந்தது, தோமோயோ மனசில் இருந்தது, ஷாவ்ரான் முகம் சிவந்தது, இப்படி எங்கெங்கே ‘பிடிக்கும்’ தென்பட்டதோ அங்கெல்லாம் கத்திரி. 70 பகுதியில் 39தான் அங்கே வெளியானது. மிச்சம் என்ன? ஒரு பெண்ணும் பையனும் சீட்டுப் பிடிக்கிறார்கள். அந்த நேரத்தில் போக்கிமான் ஓடிக்கொண்டிருந்த சந்தையில், பிடிப்பதும் சேகரிப்பதும் புரியும், விற்கும். ஆனால் சீட்டு எதற்கு என்பதையே வெட்டிவிட்டதால், எல்லாம் பிடித்து முடித்தபின் வருகிற சோதனைக்கு அர்த்தமே இல்லாமல் போனது.

ஜப்பானில் இது வேறொரு கணக்கிலும் மதிக்கப்பட்டது. 2001இல் அறிவியல் புனைவுக்கான செய்யுன் விருதை, சிறந்த மாங்கா என்று, சகுராவுக்குக் கொடுத்தார்கள். விண்கலம் இல்லை, இயந்திர மனிதன் இல்லை. கரடி பொம்மை தைக்கிற பெண்பிள்ளைக் கதைக்கு. 2016இல் க்ளாம்ப் மறுபடி சகுராவைத் தொட்டு, ‘க்ளியர் கார்டு’ என்று 2023வரை நடத்தினார்கள். அதில் சகுரா நடுநிலைப் பள்ளியில். படிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் ‘பிடிக்கும்’ பிரச்சினை ஏற்கெனவே தீர்ந்துவிட்டதால், எனக்கு அதில் மர்மம்தான் மிஞ்சியது, தவிப்பு மிஞ்சவில்லை.

கரடி பொம்மை என்றேனே. கையால் தைத்த கரடியைப் பிடித்தவருக்குக் கொடுத்தால் இருவரும் சேர்வார்கள் என்று கதைக்குள் ஒரு நம்பிக்கை. அனிமேயின் கடைசிப் பகுதியில் ஷாவ்ரான் ஹாங்காங் திரும்புகிறான். தன் காதலைச் சொல்லிவிட்டான், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சகுரா குழம்பித் தவித்து, கடைசி நேரத்தில் விமான நிலையத்துக்கு ஓடுகிறாள். அவன் தைத்த கரடியை வாங்கிக்கொள்கிறாள். இதற்கு ஷாவ்ரான் என்று பேர் வைக்கட்டுமா என்று கேட்கிறாள். அவ்வளவுதான், 70 பகுதி முடிந்தது. ‘பிடிக்கும்’ என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவே இல்லை. இதைவிட நேர்த்தியான முடிவு இருக்க முடியாது என்று சொல்கிறவர்கள் உண்டு. அன்றைக்குத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தைகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

பாக்கியை 2000 ஜூலையில் வந்த திரைப்படம் தீர்த்தது. ஷாவ்ரான் விடுமுறைக்கு வருகிறான். சகுரா சொல்லிவிட வேண்டும் என்று வாய் திறக்கும்போதெல்லாம் கெரோவோ போனோ சீட்டோ குறுக்கே வரும். தோயா பட்ட பாடு இப்போது தங்கைக்கு. க்ளோ ரீட் தனியாக முத்திரையிட்டு வைத்த ஒரு சீட்டு வெளியே வந்து ஊரை விழுங்கத் தொடங்குகிறது. அதை அடக்கினால் அந்த நேரத்தில் அதிக மந்திர சக்தி உள்ளவர் தன் மனசில் மிகப் பெரியதாக இருக்கும் உணர்வை இழக்க வேண்டும். அன்று சோதனையில் தப்பிய அதே பேரிடர், இம்முறை உண்மையான விலையாக. சகுரா கொடுக்கத் தயாராகிறாள். ஆனால் சீட்டெல்லாம் பறிபோனதில் அவள் சக்தி குறைந்து, ஷாவ்ரானுடையது கூடிவிட்டது. விலை கொடுக்க வேண்டியவன் அவன்.

சீட்டு அடங்குகிறது. மணிக்கூண்டின் படிக்கட்டு இடிந்து நடுவில் பள்ளம். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். இனி அவனுக்குத் தன்மேல் ஒன்றும் இருக்காது என்றுதான் சகுரா நினைக்கிறாள். நீ எல்லாவற்றையும் மறந்திருந்தாலும் பரவாயில்லை, எனக்கு உன்னைத்தான் எல்லாரையும் விட அதிகமாகப் பிடிக்கும் என்று அழுதுகொண்டே சொல்லிவிடுகிறாள். ஷாவ்ரான் நிமிர்ந்து பார்க்கிறான். எனக்கும் என்கிறான். அந்த உணர்வு போகவில்லை.

பள்ளம் இன்னும் மூடவில்லை. உடைந்த படிக்கட்டு சரியாகும்வரை நின்றால் போதும், ஆபத்தில்லாமல் போகலாம். சகுரா நிற்கவில்லை. பறக்கிற சீட்டையும் எடுக்கவில்லை. ‘ரொம்பப் பிடிக்கும்!’ என்று கத்திக்கொண்டே தாவுகிறாள்.